கேட்டார்கள், இல்லை

ராயக்கோட்டை கிளை நூலகத்தில்
என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு.
அட்டையில் 'பால் கணக்கு' என்று இருந்ததை
அடித்துவிட்டு எழுதினேன்:
கேட்டார்கள், இல்லை.

முதல் பெயர் திம்மராயன்.
மண்டியில் லோடு ஏற்றுகிறவர்.
நாளிதழை நாலாக மடித்து வைத்துவிட்டு
"கன்னட அட்சரம் புக்கு இருக்குதா மேடம்?
பேச வரும். பெங்களூர்ல பஸ் போர்டு படிக்கணும்.
எழுத்து மட்டும் ஜிலேபியாட்டம் தெரியுது" என்றார்.
இங்கிருந்து ஒரு மணி நேரத்தில்
கர்நாடகம் தொடங்கிவிடும்.
என் அலமாரியில்
அது தொடங்கவே இல்லை.

சாக்கம்மா ஒரு தீப்பெட்டியைத் திறந்து
மேசைமேல் வைத்தாள்.
உள்ளே வீங்கி மஞ்சளித்த பட்டுப்புழு.
"பால் நோய்னு சொல்றாங்க. மூணு தட்டு போச்சு.
இதுக்கு எந்தப் புக்கு?"
வகைப்பாட்டு எண் எனக்குத் தெரியும்.
அந்த எண்ணுக்கு நேரே
தட்டில் தூசி இருந்தது.

ஏழாம் வகுப்பு இம்தியாஸ்
வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் கேட்பான்.
தண்ணியில என்ன இருக்கு, பல்லு ஏன் இப்படி,
ஆழமாப் போர் போட்டா சரியாகுமா.
மூன்று கேள்வியையும் ஒரே வரியில் எழுதினேன்.

தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த வாரம்
உட்கார இடமில்லை.
விலை ஏறினால் நாற்காலிகள் காலி;
என் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே
சந்தை நிலவரம் சொல்லிவிடலாம்.
அந்த வாரம் மட்டும் பதினேழு பேர் கேட்டார்கள்,
வத்தல் போடலாமா, சாஸ் போடலாமா,
லைசென்ஸ் யாரிடம் வாங்குவது.

இதற்கிடையில் மாவட்டத்திலிருந்து கட்டு வந்தது.
சணலை அறுத்துப் பிரித்தேன்.
ஒரே தன்முன்னேற்ற நூல், எட்டுப் பிரதி.
ராயக்கோட்டையில் முன்னேற வேண்டியவர்கள்
சரியாக எட்டுப் பேர் என்று
யார் எண்ணிச் சொன்னார்களோ.
அடியில், கெட்டி அட்டையில்,
கப்பல் கட்டும் கலை.
தென்பெண்ணையில் அப்போது முழங்கால் தண்ணீர்.
முத்திரை குத்தி, எண் போட்டு, அடுக்கினேன்.

முனிரத்தினம்மா வந்தது தை மாதம்.
"அப்பன் நிலத்துக்கு
அண்ணன் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேட்கறான்.
பொம்பளைக்குப் பங்கு இருக்குதா?"
"இருக்கு."
"நீ சொன்னா ஆச்சா? அச்சுல காட்டு."

காட்ட ஒன்றுமில்லை.
நோட்டில் எழுதினேன், மனு எழுதினேன்,
நினைவூட்டு எழுதினேன்.
பதினோரு மாதம் கழித்து வந்தது,
நூற்றிருபது பக்கம், எளிய தமிழ்,
பங்கு பற்றி முப்பத்தெட்டாம் பக்கம்.
போன் போட்டேன்.
"அது சித்திரையிலயே போட்டாச்சு கையெழுத்து" என்றாள்.
பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது.
"பரவால்ல மேடம்" என்றாள்.
எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அடிக்கோல் எடுத்து
நோட்டில் இரண்டு பத்தி கிழித்தேன்:
கேட்ட தேதி.
வந்த தேதி.
இரண்டாவது பத்தி பார்க்கப் பொட்டலாக இருக்கிறது.

இந்த வருடப் பட்டியலுக்குப் படிவம் வந்திருக்கிறது.
தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை.
யாருக்கு என்று கேட்க
அதில் ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதியிருக்கிறேன்,
சாக்கம்மா, மூணு தட்டு.
இம்தியாஸ், பல்.
திம்மராயன், பஸ் போர்டு.

கிருஷ்ணகிரி அலுவலகத்தில்
படிவம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று
யாரோ ரப்பர் எடுத்து அழிக்கத்தான் போகிறார்கள்.

அழிக்கும்போதாவது
ஒருமுறை படிப்பார்கள்.