மூன்றாவது விசிறி

பாளையங்கோட்டையில்
முருகன்குறிச்சி தாண்டிய கூடத்தில்
எட்டு விசிறிகளை நிறுத்த எனக்குச் சம்பளம்.
போடுவதற்கு இல்லை.
அதை எவனும் போடுவான்.

பந்தின் எடை அப்போது இரண்டரை கிராம்.
பக்கத்தில் ஒருவர் தும்மினாலே
போகிற வழியை மாற்றிக்கொள்ளும்.
ஆனி மாதம் வேறு.
செங்கோட்டைக் கணவாய் திறந்துவிட்ட காற்று
சன்னல் சாக்குகளை முட்டிக்கொண்டே இருக்கும்.

பொருநைக் கோப்பை தொடங்கிய ஐம்பத்து மூன்றில்
வெளிநாடு என்றால் கொழும்பு.
தனுஷ்கோடியில் இறங்கி, ரயில்கரி அப்பிய சட்டையோடு
நாலு பேர் வந்தார்களாம்.
அதில் துரைரட்ணம் என்ற தபால் குமாஸ்தா
மூன்று வருஷம் கோப்பையைத் தரவில்லை.
விரல் வழுக்கும் என்று
இறுதி ஆட்டம் முடியும்வரை அல்வாவைத் தொடமாட்டார்;
முடிந்ததும் அரைக்கிலோ.
இதெல்லாம் பலகையில் படித்தது பாதி,
எனக்கு முன்னால் சுவிட்சில் நின்ற
மைதீன் பிச்சை சொன்னது பாதி.

அறுபத்தொன்றில் பினாங்கிலிருந்து ஒருவன்
பஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தான்.
சத்தமே இல்லை.
டொக் டொக் என்று காதால் ஆடிப் பழகினவர்கள்
கண்ணால் ஆடத் தெரியாமல் வரிசையாய் விழுந்தார்கள்.
நம்மூர் நம்பிராஜன் மட்டும்
இருபது வரைக்கும் இழுத்துப் பார்த்தார்.
பலகையில் தோற்றவர்களுக்கு இடம் கிடையாது.

நான் சொல்ல வந்தது எண்பத்தொன்று.

கொக்கிரகுளம் இசக்கித்தாய்,
கோர்ட் அமீனா மகள்,
எதிரே பினாங்கு கோ மெய் லிங்.
ஐந்தாவது ஆட்டம், இருபதுக்கு இருபது.
கூட்டத்தில் யாரோ மயங்கிச் சரிய
ஆட்டத்தை நிறுத்தினார்கள்.
'ஏல, ஃபேனைப் போடு' என்று நாலு குரல்.
போட்டேன்.
தண்ணீர் தெளித்து, ஆளைத் தூக்கிப் போனபின்
அணைத்தேன்.

ஏழு விசிறி நின்றது.
மூன்றாவது கிழடு. அணைத்த பிறகும்
நூறு எண்ணும்வரை சுற்றும்.
எனக்குத் தெரியும். அறுபதில் கையைத் தூக்கினேன்.
ஏன் என்று கேட்டால்
வெக்கை, அவசரம், எல்லாரும் என்னையே பார்த்தார்கள்,
இப்படி ஏதாவது சொல்லலாம்.

ஒரு புள்ளி பினாங்குக்குப் போனது.
அடுத்ததில் இசக்கித்தாய் உயரமாய் ஒன்று தூக்கினாள்,
மேசையின் கடைசி ஓரத்துக்கென்று.
பந்து ஓட்டுக்கூரை நோக்கிப் போய்
திரும்பி இறங்கும்போது
ஒரு நெல் அளவு விலகியது.
அல்லது விலகியதாய் எனக்குப் பட்டது.
தரையில் விழுந்த சத்தம்
கூடம் முழுக்கக் கேட்டது.

அவள் மட்டையைத் துடைத்தாள், கை கொடுத்தாள்.
மேலே பார்க்கவில்லை.
பலகையில் தங்க எழுத்தில் மெய் லிங்.
நல்ல ஆட்டக்காரி, குறை சொல்ல ஒன்றுமில்லை.
நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் பந்து பெரிசாச்சு,
இருபத்தொன்று பதினொன்றாய்ச் சுருங்கியது,
செல்லுலாயிட் போய் பிளாஸ்டிக் வந்தது.
காத்மாண்டு ஜெயித்தது.
தாஷ்கண்ட் பையன் ஒருவன்
வெயிலுக்குப் பயந்து தலையில் வாளியைக் கவிழ்த்தபடியே
இரண்டு வருஷம் ஜெயித்தான்.
ஏசி வைப்பதாகக் கமிட்டி
ஒவ்வொரு சித்திரையிலும் தீர்மானம் போடுகிறது.

போன வருஷம் இறுதி ஆட்டத்துக்கு நடுவர்
நீலக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாய்
சென்னையிலிருந்து வந்த அம்மா.
பெயர் அட்டையைப் படித்தபின்
எனக்கு சுவிட்ச் கை வேர்த்தது.

அணைத்தேன். கையைத் தூக்கினேன்.
இரண்டு பிள்ளைகளும் தயார்.
அவள் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
அண்ணாந்து பார்த்தாள்.
முதலாவதை அல்ல, இரண்டாவதை அல்ல.

பிறகு என் பக்கம் திரும்பி,
கோபம் இல்லாமல், சிரிப்பும் இல்லாமல்,
'நிக்கட்டும் அண்ணாச்சி' என்றாள்.
'இன்னும் நாப்பது இருக்கு.'