கட்டுப்பாட்டுக் குழு

ஹெல்மெட்டுக்குள் இருபத்திரண்டு துண்டுச்சீட்டு.
விதுர்ஷா மிஸ்ஸின் ஹெல்மெட்தான்,
உள்ளே தேங்காயெண்ணெய் மணம்.
"மலை" என்று வந்தால் நுவரெலியா.
"கடல்" என்று வந்தால் இங்கேயே.
றிப்னாவுக்கு மலை.
எனக்குக் கடல்.

நாங்கள் பதினொரு பேரும்
கட்டுப்பாட்டுக் குழுவாம்.
படிவத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.
கோல் காக்கிற அனுஷியா கேட்டாள்:
"இந்த ஊரில ஆர் மிஸ் கட்டுப்பாட்டில இல்லாதது?"
மிஸ் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பிந்திச் சிரித்தா.

மூன்று கிழமை.
அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே அட்டவணை,
ஒரே விசில், ஒரே இருபது மீற்றர்.
காற்றுத்தான் வேறு.
அங்கே ஆறாயிரம் அடி உயரத்தில்
ஒவ்வொரு மூச்சும் அளவு குறைத்த பங்கீட்டு அரிசி;
உடம்பு பயந்துபோய்
சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்து அடுக்குமாம்.
இங்கே ஆடி மாதத்துக் கச்சான்
மணலை அள்ளி வாய்க்குள் போட்டது.

விடிய ஐந்தரைக்கு உப்புவெளிக் கரையில் ஓடினோம்.
கரைவலை இழுக்கிறவர்கள் வழி விடவில்லை,
கயிற்றைத் தாண்டித் தாண்டி ஓடினோம்.
மூன்று மணிக்கு மைதானம்.
கோல் கம்பத்தின் மெல்லிய நிழலில்
ஒரு புள்ளிமான் படுத்திருக்கும்.
கலைக்க மனமில்லை,
மற்றப் பக்கக் கோலுக்கே அடித்தோம்.
பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தால் வியர்வை ஊற்றும்.

இரவில் றிப்னா எடுப்பாள்.
"தேத்தண்ணி கொதிக்கிது, ஆனா வாய் சுடுதில்ல.
படி ஏறினா பிள்ளத்தாச்சி மாதிரி மூச்சு வாங்கிது.
காலையில மூக்கால ரத்தம்.
எந்தப் பக்கம் கடலெண்டே தெரியல்ல,
தலைய எங்க வெச்சிப் படுக்கிற?
கொஞ்சம் வெயில் அனுப்பு."
பார்சலில் போடட்டா என்றேன்.

இறங்கி வந்தார்கள்,
கன்னம் வெடித்து, பை நிறைய லீக்ஸோடு.
பீப் சத்தத்துக்கு எல்லோரும் ஓடினோம்.
மலை நூற்றிருபது மீற்றர் கூட்டியிருந்தது.
கடல் தொண்ணூறு.
மிஸ் பேனாவைக் கடித்தா.
வெக்கையும் இரத்தத்தைப் பெருக்குமாம்,
கச்சானைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாவாம்.
முப்பது மீற்றர், பிழைவீச்சுக்குள்ளே
என்று எழுதிக் கீழே கோடு போட்டா.

பிழைவீச்சுக்குள்ளே ஒருத்தி
எவ்வளவு தூரம் போகலாம் என்று
அந்தச் சனிக்கிழமை கண்டேன்.

மட்டக்களப்போடு. எழுபத்தோராம் நிமிடம்.
நடுவில் வாங்கி இடப்பக்கம் வெட்டிப் போடுவேன்,
றிப்னா அங்கே இருப்பாள்.
ஆறு வருடமாகத் தலை நிமிர்த்தாமலே போடுகிற பந்து.
போட்டேன்.
அவள் அங்கே இல்லை.
இரண்டு எட்டு முன்னால் இருந்தாள்.
பந்து அவள் குதிக்காலுக்குப் பின்னால்
யாருமில்லாத புல்லில் உருண்டு
கோட்டைத் தாண்டியது.
திரும்பிக் கையை விரித்து என்னவோ கத்தினாள்.
கத்த அவளுக்கு மூச்சு இருந்தது.
எனக்குத் திட்டக்கூட இல்லை.

ஒன்றுக்குப் பூச்சியம்.
பஸ்ஸில் அவள் முன் சீட், நான் பின் சீட்.

மலை இரத்தம் மாதக்கணக்கில் நில்லாது,
கரைந்துவிடும் என்றா மிஸ்.
அதுவரை காத்திருக்க ஏலாது என்று
செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் இருவர் மட்டும்
கூம்புகளை வைத்து அந்த ஒரே பந்தை.
முதற் செவ்வாய் குதிக்காலுக்குப் பின்னே.
அடுத்தது அவளுக்கும் முன்னே,
விரட்டிப் பிடித்துவிட்டு என்னை முறைத்தாள்.
மூன்றாவது செவ்வாய் மழை.
நாலாவது
பந்து அவள் இடக்காலில் போய்ப் பூனை மாதிரி நின்றது.

அவளுடைய இரத்தம் இறங்கியதா,
என் கண் ஏறியதா,
மிஸ்ஸிடம் கேட்கவில்லை.
ஊசி தாங்கேலாது.

மான் இன்றைக்குக் கோலுக்குள்ளேயே நின்றது.
"அடிக்கவா?" என்றாள் றிப்னா,
காலடியில் பந்து.
பொறு என்றேன்.
பொறுத்தாள்.