முந்தி நடந்தது எது

பள்ளிப்பட்டு, உரக்கடை மாடி. ஏழு மணி வகுப்பு.
பிரவல்லிகா நகரியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்,
ஹெல்மெட்டைக் கழற்றியதும் பலகைக்குத் திரும்பிவிடுவாள்.
பெஞ்சில் வங்கித் தேர்வுப் பையன்கள் எட்டுப் பேர்,
துபாய்க்குப் போகவிருக்கும் வெல்டர் ஒருவர்,
வக்கீல் கொடுத்த இங்கிலீஷ் காகிதத்தைப்
படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்ற நான்.

"நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் ஹேட் லெஃப்ட்."
இரண்டும் நடந்து முடிந்தவைதான்,
முந்தி நடந்ததற்கு மட்டும் ஒரு ஹேட் போடணும் என்றாள்.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
எனக்குப் பேனா ஓடவில்லை.

ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன்.
ஐந்து நாற்பது பாசஞ்சர், ஐந்து ஐம்பதுக்கு நான்.
கூரையில்லாத சைக்கிள் ஸ்டாண்டில் எங்கள் டி.வி.எஸ்.,
கேரியரில் பாவு கட்டும் கயிறு அப்படியே.
பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை
ஆறு வருஷமாக அடைத்துக்கொண்டிருக்கிறேன்,
தறிக்கடனைப் போல, வட்டியோடு.

அன்றைக்கு அந்த இஞ்சின் மேல் கை வைத்தேனே,
சூடு இருந்ததா?
ஆறியிருந்தது.
சீட்டின் மேல் பனி கோத்திருந்தது.
இப்போதுதான், இந்த டியூப்லைட்டுக்குக் கீழே,
வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்:
நான் கண் விழிப்பதற்கு முன்பே,
பால்காரர் மணி அடிப்பதற்கு முன்பே
தணிகாசலம் ஹேட் லெஃப்ட்.
பறந்து போயிருந்தாலும் பிடித்திருக்க முடியாது.
அதை நோட்டில் எழுதவில்லை.

போலீஸுக்கும் இதே இலக்கணம்தான்.
ரயில் ஏறினது ஆந்திரா, அங்கே போம்மா என்றது பள்ளிப்பட்டு.
வீட்டை விட்டது தமிழ்நாடு, அக்கட செப்பண்டி என்றது நகரி.
காணாமல் போய்விட்டு எல்லையைத் தாண்டினாரா,
தாண்டிவிட்டுக் காணாமல் போனாரா?
நாலு தடவை பஸ்ஸில் போய்வந்தேன்.
எல்லை என்று நடுவில் ஒரு கல்,
அதன் மேல் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் எதிர்காலம்.
வில் ஒன்று, கோயிங் டு ஒன்று.
நிகழ்காலத்திலேயே எதிர்காலத்தைச் சொல்வதும் உண்டாம்,
முடிவாகிவிட்ட காரியங்களுக்கு.
டிக்கெட் எடுத்தாச்சுன்னா இப்படிச் சொல்லலாம் என்றாள்.
அந்த ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:
"காலையில நூல் எடுக்கப் போறேன்."
போவேன் என்று சொல்லவில்லை.
நூல்கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.

மாசி வந்தால் ஏழு வருஷம் ஆகியிருக்கும்.
ஏழு ஆகிவிட்டால்
இறந்திருப்பார் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும்,
வக்கீல் முனிரத்தினம் சொன்னது.
இறந்திருப்பார்.
இது எதிர்காலமா, ஊகமா என்று கேட்டேன்.
பிரவல்லிகா மார்க்கர் மூடியைக் கடித்தாள்.
தெலுங்குலயும் அப்படித்தான் ஆண்ட்டி, சனிபோயுண்டாடு.
இரண்டு மொழியிலும்
செத்தவரைச் சொல்கிற சொல்
இருப்பார் என்றுதான் முடிகிறது.
வெல்டர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

வீட்டுப்பாடம், சொந்தமாக ஒரு வாக்கியம்.
அவர் வருவதற்குள் நான் தறிகளை விற்றிருப்பேன்.
இங்கிலீஷில் எழுத அரை மணி நேரம் ஆனது,
பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நோட்டு திரும்பி வந்தது.
தறியை விற்றதில் பிழையில்லை,
வில் ஹேவ் சோல்ட் சரி.
பை த டைம் ஹி வில் கம் என்று எழுதியிருந்தேன்.
அந்த வில்லை மட்டும் சிவப்பில் அடித்து
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
இந்த இடத்தில் வில் வராது.