நாற்பத்தோரு விநாடி

நேமத்தான்பட்டி வீட்டுச் சுவருக்கு
இரண்டு முழம் கனம்.
சிக்னல் உள்ளே நுழையாது.
மொட்டைமாடியில் மூங்கில் நட்டு
டாங்கிளைக் கட்டி
வளவு வானத்தின் வழியாக வயரைத் தொங்கவிட்டேன்.
வாடகை லேப்டாப், சொந்தக் கேமரா,
ஒரே ஒரு அறுபத்துநாலு ஜிபி கார்டு.

உமையாள் கல்யாணத்தை
நேரலையில் முப்பத்தெட்டுப் பேர் பார்த்தார்கள்.
பினாங்கில் ஒன்பது, டல்லாஸில் நான்கு,
மாடியறையில் முழங்கால் வலியோடு ஒருவர்,
மற்றவர்கள் எங்கிருந்தோ.

பெண்ணின் தம்பி சாத்தப்பன் மட்டும்
முன்பே சொல்லிவிட்டான்:
"லைவ் எனக்கு ஓடாதுக்கா.
கப்பல்ல மாசத்துக்கு ஒரு ஜிபி.
ஃபைலாப் போடுங்க.
துண்டு துண்டா இறக்கி
ஒட்டிப் பார்த்துக்கிறேன்."

திருப்பூட்டுக்கு மேளம் எழுந்தது.
சங்கு ஊதினார்கள்.
மாப்பிள்ளையின் கை நீண்டது.
திரையில் ஒரு வட்டம்
சுற்ற ஆரம்பித்தது.

முப்பத்தெட்டுப் பேரும்
அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பினாங்கிலிருந்து யாரோ
பூச்சொரியும் பொம்மை அனுப்பினார்,
வட்டத்துக்கு.
படம் திரும்பியபோது எல்லாம் முடிந்து
எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு இல்லாத சீமைக்காரி நான்.
ஊருணியில் தேங்கியதைக் குடித்து வளர்ந்தவள்.
ஓடுவது ஓடிவிடும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
கார்டில் முழுசாக இருக்கிறதே என்ற தைரியம்.
லேப்டாப்பில் ஏற்றிவிட்டோம் என்ற நினைப்பு.
மறுநாள் விடியலில்
தேவகோட்டைக் காதுகுத்துக்கு
அதே கார்டைத் துடைத்துச் செருகினேன்.
ஏற்றியிருந்தது நேரலையின் நகல்,
வட்டத்தோடு சேர்த்து.
ஒரு திருப்பூட்டின் மேல்
ஏதோ ஒரு குழந்தையின் அழுகை பதிந்துவிட்டது.

இருபத்தாறு நாளில் ஒன்பது துண்டு இறக்கி
டர்பன் துறைமுகத்திலிருந்து அழைத்தான் சாத்தப்பன்.
கோபமில்லை. அதுதான் சங்கடம்.
"ஒரு துண்டு குறையுதோக்கா?"

வந்தவர்கள் எல்லோரையும் கேட்டேன்.
அன்றைக்கு எந்தக் கையில் போன் இல்லை?
ஒருவர் தன்னைத்தான் எடுத்திருந்தார்.
ஒருவர் ஸ்டேட்டஸில் வைத்து
ஒரு நாளில் போய்விட்டதாம்.
ஒருவர் முகப்பில் நின்றபடி
என் லைவைத்தான் பார்த்தாராம்.
உள்ளே கூட்டமாம்.

கடைசியில் கிடைத்தார்
சமையலுக்கு வந்திருந்த புதுவயல் அடைக்கலம்.
ரீசார்ஜ் தீர்ந்து ஒரு மாதம்.
யாருக்கும் அனுப்ப வழியில்லாமல்
அவர் போனில் அப்படியே கிடந்தது.

புளூடூத்தில்தான் வாங்க முடிந்தது.
அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
அரிசி ஆலைக்கு எதிர்த்த டீக்கடையில்,
தவிட்டு வாசனையில்,
பதினோரு நிமிஷம்
போனோடு போன் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.
நகர்ந்தால் அறுந்துவிடுமோ என்று
அவர் பீடிகூடப் பற்றவைக்கவில்லை.

பிறகு பார்த்தோம்.
இலைக்கட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தது.
பாதித் திரை தூண்.
உமையாளின் முதுகு.
மாப்பிள்ளையின் ஒரு கை, அதுவும் நடுங்கியபடி.
மேளத்துக்கு மேலே அடைக்கலத்தின் குரல்:
"டேய், கும்மாயத்தை இறக்குடா,
அடி பிடிக்குது!"

"அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டிரலாமாம்மா?"
வேண்டாம் என்றேன்.

ஒன்பது எம்பி.
அனுப்பி மூன்று நாளாகிறது.
கப்பல் எங்கே போகிறதென்று தெரியாது.
காலையில் பார்த்தேன், மதியம் பார்த்தேன்.
இன்னும்
ஒற்றை டிக்.