நான்காம் கட்டம்

படிவத்தின் நான்காம் கட்டத்தில்
வீட்டு இலக்கம், வீதி என்று இருந்தது.
எங்களுக்கு வீதி இல்லை.
லயத்துக்கு முன்னால் ஓடுவது கான்.
அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை.

அப்பா எழுதினார்:
காம்பரா 7, மேமலை டிவிசன்.
சித்தப்பாவும் அதையே எழுதினார்,
அதே பேனாவை இரண்டு தரம் உதறி.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்
விஞ்ஞான அறை இருந்தது.
அதில் அதிபரின் மோட்டார் சைக்கிள் நின்றது.
பௌதிகம் படிக்க ஹட்டனுக்குப் போக வேண்டும்,
தனியார் பள்ளிக்கூடம்,
மாதம் பன்னிரண்டாயிரம்.
பாதியை அரசாங்கம் கட்டும் என்று
சங்கத்துக் காரியாலயத்தில் ஒட்டியிருந்தார்கள்.

பாதி எங்களுக்குப் புதிதல்ல.
கொழுந்து நிறை குறைந்தால்
அம்மாவுக்கு விழுவது அரைப்பேர்.
அரைப்பேரில் எத்தனை மாதம்
முழு வயிறு சாப்பிட்டிருக்கிறோம்,
அல்லது
சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறோம்.

தோட்டத்து ஆபீசில் நான்கு நாள் கிடந்து
இரண்டு கடிதங்கள் வந்தன.
என்னுடையதில் வாழ்த்துகள்.
விதுர்ஷனியுடையதில்,
இம்முகவரியில் ஏற்கெனவே ஒரு பயனாளி உள்ளார்.

அந்தப் பயனாளி நான்தான்.

அவள் பாய்க்கும் என் பாய்க்கும் நடுவில்
ஒரு பழைய நைலெக்ஸ் சேலை தொங்குகிறது.
இரவில் அவள் புரண்டால் அது அசையும்.
அன்று அசையவில்லை.
கணக்கில் அவளுக்கு
என்னைவிடப் பதினொரு புள்ளி கூட.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை;
எல்லாருக்கும் தெரியும்.

ஒரு பேரை விட்டுவிட்டு
சித்தப்பா பிரதேச செயலகத்துக்குப் போனார்.
"சந்தா பிடிக்கிறப்போ ரெண்டு ஆளுங்க, ஐயா.
ஓட்டு கேட்டு வாறப்போ ரெண்டு குடும்பம்.
மண்ணு சரிஞ்ச வருஷம்
ரெண்டு வாளி குடுத்தீங்களே."
அந்த ஐயா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.
கம்பியூட்டர் ஏற்காது,
இலக்கம் வேறாக இருந்தால் பார்க்கலாம் என்றார்.

அந்த ஞாயிறு
கோயில் தேருக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டில்
சித்தப்பா கதவில் எழுதினார், 7அ.
ஒரே கதவு.
இடப்பக்கம் 7, வலப்பக்கம் 7அ.
திறந்தால் இரண்டும் சேர்ந்து உள்ளே போயின.

திங்கள் பெரட்டுக்களத்தில் துரை கேட்டார்,
கதவு யாருடையது?
தெரியாமல் கேட்கவில்லை.
மண்ணெண்ணெயும் சாக்குத் துண்டும்
ஸ்டோரிலிருந்தே கொடுத்துவிட்டார்கள்.
நீலம் முழுதாகப் போகவில்லை.
'அ'வின் சுழி மட்டும் இருக்கிறது,
காதில்லாத தோடு மாதிரி.

அம்மாவின் தோடு
மீதிப் பாதிக்காக
எனக்கு முன்பே ஹட்டனுக்குப் போய்விட்டது.

கிராம சேவகர் விசாரிக்க வந்தது வியாழன், மூன்று மணிக்கு.
சின்னம்மா இரண்டு அடுப்பையும் ஒன்றாக மூட்டினார்.
போட அரிசி இல்லை,
இரண்டிலும் வெறும் தண்ணீர்.
பாருங்க ஐயா, ரெண்டு அடுப்பு.
இரண்டு புகையும் எழுந்து
ஒரே தகரத்தில் முட்டி
ஒன்றாகி வெளியே போயின.

அவர் இருமினார், கண்ணைத் துடைத்தார்.
"அடுப்பு எழுத இதுல கட்டம் இல்லையேம்மா."
கொதித்த தண்ணீரில் சாயம் ஊற்றிக் கொடுத்தோம்.
குடித்தார்.
எந்த அடுப்புத் தண்ணீர் என்று கேட்கவில்லை.

ஐந்தரை பஸ்ஸில் போய் ஆறு மணி பஸ்ஸில் வருகிறேன்.
ஒளியின் முறிவு, இன்று.
கொப்பியைச் சேலைக்கு அடியால் தள்ளுகிறேன்.
சில நாள் அது உடனே போகும்,
சில நாள் விடியும்வரை அங்கேயே கிடக்கும்.
நான் எடுப்பதில்லை.

நேற்று இரவு
அவள் மேன்முறையீடு எழுதிக்கொண்டிருந்தாள்.
நான்காம் கட்டத்தில் பேனா நின்றது எனக்குக் கேட்டது.
எத்தனையோ நாளைக்குப் பிறகு
சேலையை விலக்கிக் கேட்டாள்,
"ஏய்,
அந்தக் கானுக்கு ஒரு பேர் சொல்லு."