பாயிண்ட்டுக்குப் பதினெட்டு வெள்ளி

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது கட்டடம்.
தீக்குச்சி உயரத்தில் தென்னைகள்,
நகக்கண் அளவு நீச்சல் குளம்,
ஜெலுத்தோங் கடல் நீலக் காகிதத்தில்.
மிஸ் ஊய் சிவப்பு லேசரால் ஒரு ஜன்னலைத் தொட்டாள்.
இதுதான் அக்கா உங்கள் வீடு,
நான்கு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

மார்க்கெட்டில் கெம்போங் மீனுக்கு
ஐம்பது காசு குறைக்க
செவுளைத் திறந்து பார்ப்பவள் நான்.
வீட்டுக்குச் செவுள் எங்கே இருக்கும்?

என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.
அந்தக் கட்டடத்தில் ஒயர் இழுத்தவர் அவர்.
பதினான்கு மாதம்,
பாயிண்ட்டுக்குப் பதினெட்டு வெள்ளி.
கடைசி இரண்டு மாதக் கூலி
இன்னும் சப்கான் பையில்தான் இருக்கிறது.
வாயைத் திறங்க, இன்றைக்கு மட்டுமாவது திறங்க என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.
தெட்சிணாமூர்த்தி என்று பெயர் வைத்த என் மாமனார்
கொஞ்சம் பேசுகிற சாமியாகப் பார்த்திருக்கலாம்.

நானே தொடங்கினேன்.
வாசல் தெற்கு பார்க்கிறது,
எங்கள் ஆட்கள் யாரும் எடுக்கமாட்டார்கள்,
பத்தாயிரம் குறைத்துக்கொள்.
மிஸ் ஊய் விழித்தாள்.
தெற்கு பார்க்கிறது என்பதால்தானே அக்கா
பத்தாயிரம் கூட்டியிருக்கிறோம்.

இது சரிப்படாது.
அப்படியென்றால் மூன்று-ஏயைக் கொடு என்றேன்.
நான்கு என்று எழுதப் பயந்து
லிஃப்ட் பொத்தானில் அவர்கள் ஒளித்துவைத்த மாடி.
எங்கள் பாஷையில் சாவுக்கென்று எண் கிடையாது,
எந்த மாடியில் வேண்டுமானாலும் சாகலாம்.
அவள் சிரித்துவிட்டாள்.
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்:
நான்கு லட்சத்து எழுபத்தோராயிரம்.

இன்னும் என்றேன்.
முடியாது என்பதை மலாயில் மெதுவாகச் சொன்னாள்,
ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள்,
ஹொக்கியனில் போனில் யாரிடமோ சொன்னாள்.
வக்கீல் பீஸ் இலவசம், அடுப்பு இலவசம்,
அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் பெட்டியும் இலவசம்.
எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொண்டு
விலையைக் குறை என்றேன்.
மானேஜரைக் கூப்பிட எழுந்து போனாள்.

மிஸ்டர் கோர் வந்தார்.
உட்காரும்போதே இவரைப் பார்த்தார்.
உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே?
"பி பிளாக் ஒயரிங்."
காலையிலிருந்து இவர் பேசிய முதல் பேச்சு.

செவுள் திறந்துவிட்டது!
மேசைக்கடியில் தொடையைக் கிள்ளினேன்.
கேபிள் மெலிசு என்று சொல்லுங்கள்,
எர்த் சரியில்லை என்று சொல்லுங்கள்,
ஒரு சொல் பத்தாயிரம் பெறும்.
மானேஜரே கேட்டார்,
பேனா காகிதத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது:
சுவருக்குள் கையை விட்டவர் நீங்கள்,
சொல்லுங்கள் பாஸ், ஒயரிங் எப்படி?

இவர் தண்ணீர் குடித்தார்.
எதிர்ச்சுவர் சுவிட்ச்சை
கழற்றுகிற கண்ணால் ஒருமுறை பார்த்தார்.
"முதல் தரம்.
நான் கை வைத்த இடத்தில்
இருபத்தைந்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது."

மானேஜர் பேனாவை மூடினார்.
நான் கிள்ளுவதை நிறுத்தினேன்,
இனிக் கிள்ளி என்ன?

"குளியலறை பைப்பைப் பற்றி நான் பேசமாட்டேன்"
என்றார் சற்றுப் பொறுத்து.
"அது வேற ஆள் வேலை."

மிஸ்டர் கோர் மிஸ் ஊயைப் பார்த்தார்.
மிஸ் ஊய் நீச்சல் குளத்தைப் பார்த்தாள்.
மூன்றாயிரம் குறைந்தது.
புகைப் பெட்டியும் எங்களுக்கே.

திரும்பும்போது கடலோரச் சாலை அடைத்துக்கிடந்தது.
அவர் முதுகுக்குப் பின்னால் கணக்குப் போட்டேன்.
லோன் முப்பது வருஷம்,
ஒயருக்கு இவர் கொடுத்த வாக்கு இருபத்தைந்து.
மீதி ஐந்து வருஷத்துக்கு என்ன செய்வதாம்?

ஹெல்மெட்டைத் திருப்பாமல் சொன்னார்:
"ஏணி இருக்கு."

எழுபது வயதில் ஏணி.

சிவப்பு விளக்கில் நின்றபோது
அவராகவே பேசினார், அதிசயமாக:
"மூணு-ஏல நம்ம வீட்டுக்கு நாப்பத்திரண்டு பாயிண்ட்டு.
எழுநூத்தம்பத்தாறு வெள்ளி.
அது அந்த வராத காசுல சேர்ந்தது."

அதை அங்கேயே சொல்லி
முன்பணத்தில் கழித்திருக்கலாமே என்று
முதுகில் ஒன்று வைத்தேன்.
பச்சை விழுந்தது.