உபரிப் படிவம்

கடற்படையில் இருபது வருடம் ஆனவன்
கையெழுத்தை முதலில் போட்டுவிடுவான்,
என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்பான்.
அடித்தல் திருத்தல் வந்தால் இருக்கட்டும் என்று
அன்றும் இரண்டு படிவம் கொண்டுவந்தான் எலியோதோரோ.
இரண்டிலும் கையெழுத்து.
ஒன்றில் மட்டும் எழுத்து.

விரும்பும் பணியிடம்: மூன்று கட்டங்கள்.
போன மூன்று வருடமும் மூன்றிலும் ஒரே பெயர்தான்.
தெற்கே, நிலமெல்லாம் தீர்ந்த பிறகு
வரைபடக்காரன் பேனாவை உதறியதில் விழுந்த மாதிரி
ஒரு தீவு.
கலங்கரை விளக்கம் ஒன்று, வீடு ஒன்று, வானொலி ஒன்று.
குமாஸ்தா ஒயார்சோ திருப்பித் தருவான்:
"சார்ஜெண்ட், மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும்."
இவன் பக்கத்துப் பாறைகள் இரண்டின் பெயரைச் சேர்ப்பான்.
அங்கே கடல்சிங்கங்களுக்கு மட்டுந்தான் நியமனம்.

இந்த வருடம் முதல் கட்டத்தில் வால்பரைசோ.
என் தங்கை இருக்கும் ஊர்.
படியேறினால் பேக்கரி, இறங்கினால் பல் டாக்டர்.
"உனக்குப் பிடிக்குமே" என்றான்,
உப்பை எடு என்கிற குரலில்.
தீவு எந்தக் கட்டத்திலும் இல்லை.

அன்றிரவு பூந்தா அரேனஸில்
ஆட்கள் பிடித்து நடக்கத் தெருவோரம் கயிறு கட்டுமளவு காற்று.
கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.
படுத்தபடி கணக்குப் போட்டேன்.
எனக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தவனோடு
வெயிலுள்ள ஊரில் குடித்தனம் நடத்துவது
அசல் குறையாத கடனுக்கு
வட்டி கட்டிக்கொண்டிருப்பது.
ஞாயிறுதோறும் துறைமுகச் சுவரில் நின்று தெற்கே பார்ப்பான்.
என்ன என்றால் ஒன்றுமில்லை என்பான்.
அந்த ஒன்றுமில்லைக்கும் சேர்த்து
நான் தட்டு வைக்க வேண்டும்.

எழுந்துபோய் உபரிப் படிவத்தை எடுத்தேன்.
அவன் எழுத்து என் கைக்குத் தெரியும்.
பதினோரு வருடம் கப்பலிலிருந்து வந்த கடிதங்கள்,
வால் நீண்ட எஸ், காற்றுக்குச் சாய்ந்த எல்.
முதல் கட்டத்தில் தீவு.
மற்றதில் பாறைகள்.
உறையை ஒட்டினேன்.
நல்ல படிவம் அடுப்புக்குப் போனது.
நாய் பார்த்துக்கொண்டிருந்தது.
அதற்கு அட்மிரல் என்று பெயர்;
வீட்டுக்குள் திட்டிக்கொள்ள ஒரு வசதி.

ஜூனில் உத்தரவு வந்தது.
தொப்பியைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்,
பிறத்தியார் வீட்டில் நனைந்த குடையை
எங்கே வைப்பதென்று தெரியாதவன் மாதிரி,
சந்தோஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு.
"சத்தியமாக நான் கேட்கவில்லை.
எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.
வேண்டாமென்று எழுதிப்போடட்டுமா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.
கொஞ்சம் அழவும் செய்தேன்,
வெங்காயம் கையில் இருந்தது.
மறுநாள் உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கிவந்தான்,
அரைச் சம்பளம்.
வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.
இப்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

மாவு பதினெட்டு மூட்டை. மாத்தே இலை, மண்ணெண்ணெய்.
குடல்வால் எப்படி இருக்கிறதென்று
மருத்துவர் எங்கள் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.
கப்பல்துறைக்கு ஒயார்சோ வந்திருந்தான்.
கை குலுக்கும்போது மெதுவாக,
"எஸ்ஸின் வால் இந்தமுறை கொஞ்சம் நீளம், சென்யோரா."
பிறகு அட்மிரலுக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

இங்கே மூன்று மணிக்கொருமுறை
வானொலியில் காற்றைச் சொல்கிறான்.
தொடக்கத்தில் தீவின் பெயர், ஒருமுறை போதும்.
இவன் மூன்றுமுறை சொல்கிறான்,
கட்டம் கட்டமாக.

நான் மாவு பிசைகிறேன்.
அன்றைய கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று.
ஒன்பது நாளாக மூடுபனி. படகில்லை.
கடைவாயில் ஒரு பல் இரவெல்லாம் தெறிக்கிறது.
யாரை நொந்துகொள்வது?
படையைத் திட்டலாமென்றால் அது கேட்டதைத்தான் கொடுத்தது.
அவனைத் திட்டலாமென்றால்
அவன் கேட்கவே இல்லை.

"சில சமயம் படைக்கே மனசு தெரிந்துவிடுகிறது"
என்கிறான், விளக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.
கிராம்பை வலப்பக்கம் அதக்கிக்கொண்டு
ம் என்கிறேன்.